குத்திச் செருகிய காயங்கள்: முதலுதவியும் அறுவைச் சிகிச்சையும்

மூங்கில் முளை, வேலிக் கம்பி, மரக்கிளை போன்ற நீண்ட பொருளொன்று உடலைத் துளைத்து உள்ளேயே தங்கிவிடுவது குத்திச் செருகிய காயம் எனப்படும். அசையாது நிற்கும் கம்பின்மேல் மனிதர் விழுவது ஒரு வகை. விரைந்து வரும் பொருள் மனிதரைத் தாக்குவது மற்றொரு வகை. இடுக்கி மலைகளில் மரமேறி மிளகு பறிப்போருக்கும், பாலக்காட்டில் தென்னையும் பனையும் ஏறுவோருக்கும் முதல் வகை நேரக்கூடும்.

செருகிய பொருளை உடனே பிடுங்கிவிட முயல்வது அருகிலிருப்போரின் இயல்பு. அது உயிருக்கே கேடாக முடியலாம். கிழிந்த இரத்தக் குழாயின் வாயை அப்பொருளே தக்கைபோல் அடைத்திருக்கக்கூடும். அதை அகற்றிய கணத்தில் குருதி பீறிட்டு வெளிப்படும். ஆதலால் பொருளை அசையாது விட்டு, அதன் இரு புறமும் துணிச் சுருள்களை வைத்துக் கட்டுதல் வேண்டும். குருதி கசியின் பொருளின்மேல் அழுத்தாமல், காயத்தின் விளிம்புகளை அழுத்துக. பொருள் தரையில் ஊன்றியிருப்பின், காயமுற்றவரைத் தூக்காமல் தாங்கிப் பிடித்து, பொருளை உடலுக்கு வெளியே அறுத்தல் வேண்டும். உணவோ நீரோ கொடுத்தலாகாது. கன்னத்திற் செருகிய பொருள் மூச்சுவழியை அடைக்கும்போது அதை அகற்றுவது போன்ற விலக்குகள் மிகச் சிலவே.

அட்டப்பாடியிலிருந்து ஆனைகட்டி வழியே கோயம்புத்தூருக்கும், மூணாற்றுப் பகுதியிலிருந்து போடிமெட்டு வழியே தேனிக்கும் செல்லும் பாதைகள் மலை வளைவுகள் நிறைந்தவை. வண்டி குலுங்குந்தோறும் பொருளும் அசையுமாதலால், கட்டு உறுதியாக இருத்தல் இன்றியமையாதது. 108 என்ற எண்ணை அழைக்கும்போதே காயத்தின் தன்மையைத் தெரிவித்தல் நலம்.

மருத்துவமனையில் முதலில் மூச்சும் குருதியோட்டமும் சீர்செய்யப்படும். பொருள் முதுகிற் செருகியிருப்பின், நோயாளியை ஒருக்களித்துக் கிடத்தியே மயக்க மருந்து கொடுக்க நேரும். அறுவை நிபுணர் காயத்தின் பாதையைத் திறந்து, இரத்தக் குழாய்களைத் தம் கட்டுப்பாட்டிற் கொண்ட பின்னரே, கண்ணாற் கண்டு பொருளை வெளியே எடுப்பார். பின்னர் மண்ணும் துணி இழைகளும் அகற்றப்பட்டு, சிதைந்த தசை நீக்கப்படும். மாசு மிகுந்த காயத்தை உடனே தைக்காமல், சில நாட்கள் திறந்து வைத்தபின் தைப்பதும் உண்டு. மண்ணில் வாழும் கிருமியால் இரணஜன்னி வரக்கூடுமாதலால், அதற்குரிய தடுப்பூசியும் தேவைப்படும்.

இரும்பு எக்ஸ்-ரே படத்தில் தெளிவாகத் தெரியும். மூங்கிலும் மரமும் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆறிய காயம் பல வாரங்கள் கழித்து வீங்கிச் சீழ் கொள்ளின், உள்ளே மரத்துணுக்கு எஞ்சியிருத்தல் கூடும். அப்போது மீண்டும் மருத்துவரிடம் சென்று, முன்னர் நேர்ந்த விபத்தையும் செருகிய பொருள் இன்னதென்பதையும் கூறுதல் வேண்டும்.