ஒரு கையால் பந்து எறிந்தவர்

 

இந்த இதழில் நான் ஜிம் அபாட் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரைப் பற்றி எழுதுகிறேன். பேஸ்பால் நம்ம கிரிக்கெட் மாதிரிதான். மட்டை உண்டு, பந்து உண்டு. பந்து எறிபவரை பிட்சர் என்பார்கள். எல்லா வீரரும் ஒரு கையில் தோல் கையுறை மாட்டிப் பந்தைப் பிடிப்பார்கள், மறு கையால் எறிவார்கள். ஆக, இரண்டு கையும் கட்டாயம் வேண்டும். ஆனால் ஜிம் அபாட்டுக்குப் பிறவியிலேயே வலது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது!

சிறு வயது

இவர் 1967-ல் மிச்சிகன் மாநிலம் ஃபிளிண்ட் நகரில் பிறந்தார். அப்போது அம்மா, அப்பா இருவருக்குமே 18 வயதுதான். சின்னப் பிள்ளையில் இரும்புக் கொக்கி வைத்த செயற்கைக் கை மாட்டிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயந்தார்கள். இவருக்கும் பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். வெளியில் போனால் அந்தக் கையைப் பைக்குள் மறைத்துக்கொள்வாராம்.

மூன்றாம் வகுப்பில் இவருக்கு ஷூ லேஸ் கட்ட வராது. அவருடைய ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? தன் ஒரு கையை மடக்கி வைத்துக்கொண்டு, மறு கையால் லேஸ் கட்டிக் கட்டிப் பழகினார். வழி கண்டுபிடித்ததும் இவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

எப்படி ஆடினார்?

கையுறையை வலது மணிக்கட்டின் மேல் வைத்துக்கொள்வார். இடது கையால் பந்தை எறிவார். எறிந்த நொடியே இடது கையைக் கையுறைக்குள் நுழைத்துவிடுவார். பந்து திரும்பி வந்தால் பிடித்து, கையுறையை வலது அக்குளில் இடுக்கி, பந்தை உருவி மறுபடி எறிவார். இதைச் செங்கல் சுவரில் பந்தை அடித்து அடித்துத் தனியாகவே பழகினார்.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஜப்பானை வென்ற அமெரிக்க அணிக்குப் பந்து எறிந்தவர் இவர்தான். 1993 செப்டம்பர் 4-ம் தேதி நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஆடியபோது, கிளீவ்லாந்து அணியில் ஒருவரைக்கூட 'ஹிட்' அடிக்க விடவில்லை. இதில் விசேஷம், ஆறு நாள் முன்னால்தான் அதே அணி இவர் பந்தை வெளுத்துக் கட்டியிருந்தது.

தோல்வியும் உண்டு

1996-ல் இவர் கணக்கில் 2 வெற்றி, 18 தோல்வி. அடுத்த வருடம் எந்த அணியிலும் ஆடவில்லை. 1998-ல் திரும்பி வந்தார், 1999-ல் ஓய்வு பெற்றார். மொத்தக் கணக்கு 87 வெற்றி, 108 தோல்வி. தோல்விதான் அதிகம். ஆனால் அவர் அதை மறைக்கவில்லை, 2012-ல் வெளிவந்த தன் வரலாற்றில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார்.

மகள் கேட்ட கேள்வி

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் மகளின் பள்ளிக்குப் பேசப் போனார். அவருடைய சின்னக் கை அவருக்குப் பிடிக்குமா என்று எல்லார் முன்னாலும் மகளே கேட்டுவிட்டாள். அவர் ஒரு நிமிடம் திகைத்துப்போனார். பிடிக்கும், ஆனால் எப்போதும் பிடித்ததில்லை, அது நிறையச் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். இத்தனை ஆட்டத்தில் யாரும் கேட்காததைப் பிள்ளை கேட்டுவிட்டது பாருங்கள்.

நான் கற்றது

இதைப் படித்ததும் ஒரே கையால் என் ரிப்பனைக் கட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. பள்ளிக்கு நேரமாச்சு, அம்மாதான் கட்டிவிட்டார்கள். அப்போதுதான் அந்த மூன்றாம் வகுப்பு ஆசிரியரின் அருமை எனக்குப் புரிந்தது.

குறை உள்ளவரைப் பார்த்தால் நாம் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். அந்த ஆசிரியர் பாவம் பார்க்கவில்லை, வழி பார்த்தார். இனிமேல் நாமும் 'பாவம்' என்பதற்குப் பதிலா, 'இதை எப்படிச் செய்யலாம்?' என்று கூட உட்கார்ந்து யோசிப்போமா?



— ஒன்பதாம் வகுப்பு மாணவி