இடைவிலை ஹெட்போனும் இன்னொலியும்

மாணாக்கர் பையில் நூலும் எழுதுகோலும் இருத்தல் தொன்றுதொட்ட வழக்கு. இந்நாளில் அவற்றோடு ஹெட்போன் ஒன்றும் இருக்கக் காண்கின்றோம். பேருந்தில் வருவோர் பாட்டுக் கேட்கின்றனர். விடுதியில் உறைவோர் விரிவுரை கேட்கின்றனர். பாடகர் குழுவினர் தத்தமக்குரிய குரற்பகுதியைக் கேட்டுப் பழகுகின்றனர். ஆயினும், புடைவை வாங்குவார் அதன் நெசவை ஆராயும் அளவேனும் ஹெட்போன் வாங்குவார் அதன் ஒலியை ஆராய்கின்றாரில்லை. உணவுக் கட்டணத்தில் மிச்சம் பிடித்தும், சிறு பிள்ளைகட்கு மாலையிற் பாடஞ் சொல்லிக் கொடுத்தும் பல திங்கள் சேர்த்த பொருள், கடையில் ஐந்து நிமிடத்திற் கைமாறிவிடுகின்றது. ஆதலின் இதனை ஆராய்தல் பயனுடைத்தெனக் கருதி இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். 3,000 ரூபாய் முதல் 10,000 ரூபாய் வரையில் விற்பனவும், கையோடு கொண்டு செல்லத் தக்கனவும் ஆகியவற்றையே ஈண்டுக் கருதுகின்றோம்.

விலை உயர உயர ஒலியும் உயரும் என்பது பலர் கொள்கை. அது பொருந்தாது. 2017ஆம் ஆண்டில் ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர், 283 ஹெட்போன்களின் ஒலி அளவைகளை அவற்றின் விலையோடு ஒப்பு நோக்கி, இரண்டிற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று வெளியிட்டார். அவர் அளந்தது, தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி ஈறாக ஒவ்வொன்றையும் ஒரு கருவி எத்துணை உரக்க எழுப்புகின்றது என்பதனை. விலை மிகுமிடத்து உலோகமும் தோலும் உறையும் சிறந்தன ஆகலாம். ஒலி சிறக்குமென்பது உறுதியன்று. பொருள் சுருங்கிய மாணாக்கர்க்கு இஃது இனிய செய்தியே. ஆனால் விலைச்சீட்டு வழிகாட்டாதாயின், பிறிதொன்று வழிகாட்டல் வேண்டுமன்றோ?

பெட்டியின்மேல் அச்சிட்ட எண்கள் காட்டுமோ எனின், முழுதும் காட்டா. 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று எழுதாத பெட்டியைக் காண்டல் அரிது. மனிதச் செவியின் எல்லையும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அவ்வெல்லைக்குள் எச்சுருதி மிகுந்தும் எச்சுருதி குன்றியும் ஒலிக்குமென்பதை அவ்விரண்டு எண்களும் கூறா. ஓர் ஊரின் வடவெல்லையும் தென்னெல்லையும் கூறிய அளவில் அவ்வூரின் தெருக்களைக் கூறியதாகுமோ?

ஒலியின் நன்மை உண்மையில் எங்ஙனம் அமைகின்றதென்பதைச் சிறிது விரித்துரைப்போம். நம் செவிமடலும் செவித்துளையும் 3,000 ஹெர்ட்ஸை அடுத்த ஒலிகளை இயல்பாகவே பெருக்குவன. எதிரே அமர்ந்து பாடுவார் குரல் இப்பெருக்கத்தோடுதான் செவிப்பறையைச் சேர்கின்றது. நாமும் பிறந்த நாள் முதல் அவ்வாறே கேட்டுப் பழகியுள்ளோம். ஹெட்போனோ செவியின் வாயிலிலேயே அமர்ந்து அவ்வியற்கையை மாற்றிவிடுகின்றது. மாறியதைக் கருவியே ஈடுசெய்தல் வேண்டும். ஈடு குன்றினால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலாம். மிகுந்தால் செவியைக் குத்தும். ஷான் ஆலிவ், டாட் வெல்டி முதலியோர் ஹார்மன் நிறுவனத்திற் பலரைக் கொண்டு கேட்பித்துச் சென்ற பத்தாண்டில் நிகழ்த்திய ஆராய்ச்சிகளில், நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி ஒலிப்பதை ஒத்து ஒலிக்கும் ஹெட்போனையே கேட்போருட் பெரும்பாலார் விரும்பினர் எனக் கண்டனர். ஆகவே, அவரவர் சுவைக்கு இடமுண்டாயினும், பலர்க்கும் பொதுவான நல்லொலி ஒன்றுண்டென்பது பெறப்படும்.

இடைவிலைக் கருவிகள் பலவற்றிற்குள்ள நோய், தாழ்ந்த சுருதியை அளவிறந்து பெருக்குதல். கடையில் முதன்முறை கேட்பார்க்கு அம்முழக்கம் வியப்பைத் தரும். வீட்டிற்குக் கொணர்ந்து ஒரு கச்சேரியைக் கேட்டால், மிருதங்கத்தின் தொப்பி முழங்குந்தோறும் பாடகர் வாயினின்று வரும் சொல் அம்முழக்கத்துள் அமிழ்ந்துபோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை தண்ணுமை முதல்வனுக்குரிய இலக்கணம் கூறுமிடத்து, பிற கருவிகளின் குறையை நிரப்புதலும் மிகையை அடக்குதலும் அவன் தொழில் எனக் கொள்ளக் கிடக்கின்றது. ஹெட்போன் செய்வார் அக்காதையைப் படித்தாரல்லர் போலும்!

இனி, பெட்டியிற் பயனுடைய எண் ஒன்றுண்டு. அஃது உணர்திறன் எனப்படுவது. ஒரு மில்லிவாட் ஆற்றலுக்கு 100 டெசிபெல் என்று ஒன்றிலும், 90 டெசிபெல் என்று மற்றொன்றிலும் இருப்பின், இரண்டாவது கருவி முதலாவதன் அளவு உரக்க ஒலிப்பதற்குப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். கைபேசியினின்று வடத்தின் வழியே கேட்பார் இதனைக் கட்டாயம் நோக்குக. சிலர் மில்லிவாட்டுக்கு என எழுதுவர், சிலர் வோல்ட்டுக்கு என எழுதுவர், இரண்டும் ஒன்றல்ல. 32 ஓம் மின்மறுப்புடைய கருவியில் மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் என்பது வோல்ட்டுக்கு ஏறக்குறைய 115 டெசிபெல் ஆகும். ஆகவே 115 என்னும் எண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. வடமின்றிப் புளூடூத் வழியே இயங்குவனவற்றிற்கு இக்கணக்கு வேண்டுவதில்லை. ஆற்றல் பெருக்கி அவற்றினுள்ளேயே உண்டு. அவற்றின் பெட்டிகளில் எஸ்.பி.சி., ஏ.ஏ.சி., எல்டாக் என்னும் பெயர்கள் காணப்படும். ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளின் பெயர்கள் அவை. அவற்றால் வரும் வேற்றுமை, கருவியின் ஒலியமைப்பால் வரும் வேற்றுமையினும் சிறிதென்பது எம் கருத்து.

எண்களைக் கடந்து செவியால் ஆராயும்போது ஒரு பெரும் மயக்கம் உண்டு. உரத்து ஒலிப்பதே நன்கு ஒலிப்பதாகத் தோன்றும். ஒலி தாழும்போது தாழ்ந்த சுருதிகளை நம் செவி மிகக் குறைவாக உணர்கின்றது என்பதை 1933இல் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டினர். ஆதலால் சிறிது உரக்க ஒலிக்கும் கருவி நிறைவாகவும் செழிப்பாகவும் தோன்றுதல் இயல்பு. எம் விடுதியில் நால்வர் கூடி இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். முதலிற் கேட்டபோது நால்வரும் ஒன்றையே புகழ்ந்தோம். பின்னர் இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கும்படி திருத்தி, கண்ணை மூடிக் கேட்டபோது மூவர் மற்றதற்கு மாறினர். கடைக்குச் செல்வோர் இச்சோதனையை அங்கேயே செய்யலாம். நன்கு பழகிய பாட்டு ஒன்றைக் கொண்டு செல்க. அதில் ஒரு சொல்லையே பன்முறை கேட்டு, இரு கருவியிலும் அஃது ஒத்த உரத்தில் வருமாறு அமைத்துக்கொள்க. பின்னர்த் தம்புராவின் மீட்டொலி பாட்டின் அடியில் அறாது கேட்கின்றதா, பல குரல் சேர்ந்து பாடுமிடத்து ஆழ்குரலைத் தனியே பின்பற்றிச் செல்ல இயலுகின்றதா என நோக்குக. விற்பவர் தரும் பாட்டு வேண்டா. அது கருவிக்கு ஏற்பத் தேர்ந்ததாக இருத்தல் கூடும்.

கேட்கும் இடமும் கருதத் தக்கது. 1984இல் வெளிவந்து இன்றும் விற்பனையாகும் காஸ் போர்ட்டா புரோ போன்றவை புறம் திறந்த அமைப்பின. ஒலி விரிந்து இயல்பாகக் கேட்கும், காதும் வியர்க்காது. ஆனால் அடுத்த கட்டிலில் துயில்பவரும் பாட்டைக் கேட்பர். பேருந்தின் இரைச்சலும் தடையின்றி உள்ளே வரும். புறம் மூடியனவும் செவித்துளையுள் செருகுவனவும் இதனைத் தடுப்பன. அவற்றிற்கோ இடைவெளியின்றிப் பொருந்துதலே உயிர். சிறிது இடைவெளி இருப்பினும் தாழ்ந்த சுருதிகள் வெளியேறி, ஒலி சத்தற்றதாகிவிடும். கண்ணாடி அணிவோர் கண்ணாடியோடே அணிந்து பார்த்தல் வேண்டும். அதன் காம்பு மெத்தையைத் தூக்கி வழிசெய்துவிடும். செருகுவனவற்றோடு வரும் இரப்பர் முனைகள் மூவகை அளவின; மூன்றையும் மாற்றிப் பார்த்த பின்னரே ஒலி நன்றோ தீதோ எனத் துணிக. நண்பர் ஒருவர் ஒலி நன்றாயில்லையென ஒதுக்கிவைத்த கருவியிற் பெரிய முனையை மாட்டினோம். இப்போது அதனை இரவல் தரவும் மறுக்கின்றார்.

இரைச்சலை எதிரொலியால் அழிக்கும் கருவிகளும் இவ்விலையிற் கிடைக்கின்றன. பேருந்துப் பொறியின் முழக்கம், மின்விசிறியின் ஓசை முதலிய இடையறாத தாழ்ந்த ஒலிகளை அவை நன்கு குறைக்கும். அருகிருந்து பேசுவார் பேச்சை அத்துணை குறைக்கமாட்டா. நாள்தோறும் பேருந்தில் நெடுந்தொலைவு வருவார்க்கு இதனையே யாம் பரிந்துரைப்போம். சுவைக்காக மட்டுமன்று. இரைச்சலை வெல்லுதற்பொருட்டு ஒலியைக் கூட்டிக்கொண்டே செல்வாருடைய செவி நாளடைவிற் கெடும். 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பது முதிர்ந்தோர்க்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். அக்கணக்கின்படி 89 டெசிபெல்லில் வாரத்திற்கு 5 மணி நேரமே கிடைக்கும். போகவர ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பயணஞ் செய்வார்க்கு வெள்ளிக்கிழமையோடு அது தீர்ந்துபோம். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பனவல்ல. இரைச்சல் அடங்கினால், 70 டெசிபெல்லிலேயே பாட்டின் சொல் தெளியும்.

எஞ்சியவற்றைச் சுருங்கக் கூறுவோம். வடம் பெரும்பாலும் முளையருகிலேதான் அறும்; கழற்றி மாற்றத்தக்க வடமுடையது நன்று. கைபேசியில் வடத்துளை இல்லையெனின், அதற்குரிய சிறு இணைப்பியின் விலையையும் கூட்டிக்கொள்க. ஒலிப்பதிவு அறைகளிற் புகழ்பெற்ற சோனி எம்.டி.ஆர். 7506 போன்றவை ஒலியால் மிக நல்லன. ஆயினும் அதன் நீண்ட சுருள்வடம் கழற்ற இயலாதது, பைக்குச் சுமை. போலித் தோல் மெத்தைகள் நம் நாட்டு வெப்பத்திலும் வியர்வையிலும் செதில் செதிலாக உதிரும். வாங்குமுன்னரே அக்கருவிக்குரிய மாற்று மெத்தை தனியே விற்கின்றதா என்று கடைக்காரரைக் கேட்டறிக.