காயாதானா அந்தச் செடி?

கேள்வி: எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டில் ஆள் உயரப் புதர் ஒன்று நிற்கிறது. கோடையில் கிளையெல்லாம் நீலப் பூவாக இருந்தது. இப்போது கறுத்த சின்னப் பழங்கள். குயிலும் கொண்டைக்குருவியும் தின்கின்றன. பிள்ளைகளும் பறிக்கப் போகிறார்கள். "காயாதான், தின்னலாம்" என்கிறார் பூசாரி. "விஷம், தொடாதே" என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது காயாவாகவே இருக்க வேண்டும். காசா என்றும் சொல்வார்கள். தாவரவியலில் மெமிசிலான் அம்பெல்லேட்டம். நம் மண்ணுக்கே உரிய செடி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் இதுவும் ஒன்று. ஆனால் நிறத்தை மட்டும் நம்பி எந்தப் பழத்தையும் வாயில் போடக்கூடாது. கீழ்க்கண்டவற்றைச் சரிபாருங்கள்.

இலை: கணுவுக்கு இரண்டாக, எதிரெதிரே இருக்கும். தடித்துப் பளபளக்கும். நடுநரம்பு மட்டும் தெரியும். பக்க நரம்புகள் கண்ணுக்குப் பிடிபடாது.

பழம்: உருண்டையானது, மிளகைவிடச் சற்றுப் பெரியது. தலையில் கிரீடம் வைத்தாற்போல் ஒரு சிறு வட்ட விளிம்பு இருக்கும். பூவின் புல்லிவட்டம் உதிராமல் நின்றது அது. பிளந்தால் உள்ளே ஒரே விதை.

பூ: அடுத்த பூப்பில் பாருங்கள். கிளை நுனியில் பூக்காது. இலைக் கக்கத்திலும் இலை உதிர்ந்த பழைய கணுக்களிலும் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பூவிலும் 4 இதழ், 8 மகரந்தத்தாள்.

பறவை தின்றால் நாமும் தின்னலாம் என்பது தவறான நம்பிக்கை. எட்டிப் பழத்தை இருவாச்சி தின்னும். அதன் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் மனிதரைக் கொல்லும். பால் வடிந்தால் விஷம் என்பதையும் நம்ப முடியாது. களாச் செடியை ஒடித்தால் பால் வடிகிறது, பழத்தையோ ஊறுகாய் போடுகிறோம்.

காயாதான் என்று உறுதியானால் பூசாரி சொன்னது சரி. நன்கு கறுத்த பழத்தைத் தின்னலாம். துவர்ப்பு தூக்கலாக இருக்கும். அதுவரை உங்கள் மாமியார் பேச்சைக் கேளுங்கள். இலையும் பழமும் உள்ள ஒரு சிறு கொப்பை அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டினால் சந்தேகம் தீரும்.

பிள்ளைகள் தெரியாத பழம் எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மீதிப் பழத்தையும் இலையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொரு வேண்டுகோள். காயா வளரும் கடலோரப் பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. திருவிழாவுக்கு இடம் வேண்டும் என்று அந்தப் புதரை யாராவது வெட்ட வந்தால், விடாதீர்கள்.