சைலன்சரில் அடையும் கரி, கல்லாவில் குறையும் காசு

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையிலிருந்தும் காந்தி மார்க்கெட்டிலிருந்தும் மூட்டை ஏற்றிக்கொண்டு நத்தம், வேடசந்தூர், வடமதுரை, சின்னாளபட்டிச் சாலைகளில் ஓடும் மொபெட்டுகளை அறியாத வணிகர் இல்லை. 1980-ஆம் ஆண்டு வெளிவந்த டி.வி.எஸ். 50-உம், அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டிகளும் மளிகைக் கடைகளுக்குச் செய்த உதவி கொஞ்சமல்ல. 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினுடன் எக்ஸ்.எல். 100 வந்துவிட்டது. ஆயினும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியைக் கைவிடாமல் வைத்திருப்போர் நம்மில் உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

"வண்டி முன்போல் இழுக்கவில்லை" என்றவுடன் போர் போய்விட்டது, பிஸ்டன் மாற்ற வேண்டும் என்று பெரிய செலவுக்குத் தயாராகி விடுகிறோம். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதுதான் சைலன்சரில் அடைந்திருக்கும் கரி.

கரி ஏன் சேருகிறது?

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் எண்ணெய் தனியாக அடியில் இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலுடன் கலந்தே எண்ணெய் உள்ளே போகிறது. பெட்ரோல் எரிந்துவிடும், எண்ணெய் முழுவதும் எரியாது. எரியாத பகுதி புகையோடு வெளியேறும்போது சிலிண்டரின் புகை வழியிலும், வளைவுக் குழாயிலும், சைலன்சரின் உள்குழலிலும் பிசினாக ஒட்டி, நாளடைவில் கெட்டிக் கரியாக இறுகுகிறது.

இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது பழைய புகை ஒரு வழியே வெளியேற, அதே நேரத்தில் புதிய கலவை மறு வழியே உள்ளே வருகிறது. வெளியேறும் வழி குறுகினால் புகை உள்ளேயே தங்கும். புதுச் சரக்குக்கு இடம் இருக்காது. கிடங்கில் பழைய மூட்டை வெளியே போகாமல் புது லோடு இறக்க முடியாதது போலத்தான் இதுவும்.

அடையாளங்கள்

1. மேட்டில் இழுவை குறையும். திருகினாலும் வேகம் ஏறாது.
2. சைலன்சர் சத்தம் அமுங்கிக் கேட்கும்.
3. என்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகும்.
4. வால்முனையில் கறுப்பு எண்ணெய் சொட்டும்.
5. முற்றிய நிலையில் வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும்.

நஷ்டக் கணக்கு

ஒரு கணக்குக்காக, லிட்டருக்கு 50 கி.மீ. தந்த வண்டி கரி அடைத்து 40 கி.மீ. தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 கி.மீ. வீதம் மாதம் 26 நாள் ஓடினால் 1,040 கி.மீ. முன்பு 20.8 லிட்டர் போதும். இப்போது 26 லிட்டர் வேண்டும். மாதம் 5.2 லிட்டர் வீண். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 520 ரூபாய். ஆண்டுக்கு 6,240 ரூபாய். ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கும் வாடிக்கையாளரிடம் வாதாடும் நாம், பேரேட்டில் ஏறாத இந்தப் பற்றைக் கவனிப்பதில்லை.

சுத்தம் செய்யும் முறை

பொதுவாக 3,000 முதல் 5,000 கி.மீ.க்கு ஒரு முறை கரி எடுப்பது நல்லது. வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றவும். என்ஜின் நன்கு ஆறிய பின்னரே கை வைக்க வேண்டும்.

முதலில் சிலிண்டரோடு சேரும் இடத்து நட்டுகளையும், பின்புறத் தாங்கியின் போல்ட்டையும் கழற்றிச் சைலன்சரை எடுக்கவும். துருப்பிடித்த நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் முறியும். முந்தைய இரவே சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்தால் சுலபமாக வரும்.

பல வண்டிகளில் வால்முனைத் திருகாணியைக் கழற்றினால் உள்குழல் தனியே வரும். கரி மிகுதியாகச் சேருவது இதில்தான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளை ஒவ்வொன்றாகத் திறக்கவும். வளைவுக் குழாய்க்குப் பழைய பிரேக் கேபிளின் முனையைப் பிரித்துவிட்டு உள்ளே செலுத்திச் சுழற்றினால் கரி உதிரும். மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, குப்புறக் கவிழ்த்துக் கொட்டவும்.

அடுத்தது சிலிண்டரின் புகை வழி. பிளக்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டனின் பக்கச் சுவர் அந்த வழியை மூடி நிற்கும்படி மேலே கொண்டுவரவும். அப்போதுதான் கரித்தூள் என்ஜினுக்குள் விழாது. மூங்கில் சிம்பு அல்லது மழுங்கிய மரக்குச்சியால் மட்டும் சுரண்டவும். ஸ்குரூடிரைவர் பிஸ்டனில் கீறல் போட்டால் மிச்சம் பிடிக்க வந்த இடத்தில் புதுச் செலவு வரும்.

திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட் வைத்து, இரு நட்டுகளையும் மாறி மாறிச் சமமாக முறுக்கவும்.

நெருப்பும் சோடாவும்

சைலன்சரை நெருப்பில் போட்டுக் கரியை எரிப்பது பட்டறைகளில் உள்ள வழக்கம். கரி போகும், முலாமும் போகும். எண்ணெய் டின், சாக்கு, அட்டைப்பெட்டி நிறைந்த கடை வாசலிலோ கிடங்கு ஓரத்திலோ இதை ஒருபோதும் செய்யக் கூடாது. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிப் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து.

காஸ்டிக் சோடாக் கரைசல் ஊற்றி ஊறவைப்பது மற்றொரு முறை. இரும்புக்கு இது ஒத்துவரும், அலுமினியத்தை அரித்துவிடும். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடவேண்டாம். மேலும், காஸ்டிக் சோடாவைப் பார்த்தால் உப்போ கற்கண்டோ என்று தோன்றும். உணவுப் பொருள் விற்கும் கடையில் பெயர் எழுதாத பொட்டலமாக அதை வைப்பது பெரும் விபரீதத்துக்கு இடமாகும்.

2000-க்குப் பின் வந்த பல வண்டிகளில் சைலன்சருக்குள் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உண்டு. தேன்கூடு போன்ற அதைக் குத்தவோ, எரிக்கவோ, சோடாவில் ஊறவைக்கவோ கூடாது. அவற்றை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே உத்தமம்.

உள்குழலை அடியோடு எடுத்துவிட்டு ஓட்டினால் நன்றாக இழுக்கும் என்பது தவறான எண்ணம். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்குச் சைலன்சரின் அளவான எதிர் அழுத்தமும் தேவை. தவிர, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 120-இன்படி சத்தம் குறைக்கும் சைலன்சர் கட்டாயம்.

மீண்டும் சேராதிருக்க

எண்ணெய் கூடினால் என்ஜினுக்கு நல்லது என்று ஒரு கை தாராளமாக ஊற்றுவதே கரிக்கு முதல் காரணம். கையேடு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; 25-க்கு 1 என்றால் 40 மி.லி. கண் மதிப்பு வேண்டாம். அளவுக் குவளை வைத்துக்கொள்ளவும். எடையில் கை வைக்காத வணிகருக்கு இது சிரமமல்ல. அளவைக் குறைப்பதும் கேடு, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

1999 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் குறைந்த புகை தரும் டூ-டி ஆயிலே விற்கப்பட வேண்டும் என்பது விதி. டப்பாவில் ஜாசோ எஃப்.சி. என்ற குறியைப் பார்த்து வாங்கவும். லாரியில் வடித்த பழைய எண்ணெய் மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது.

பேட்டையில் பறக்கும் வெங்காயச் சருகும், மிளகாய்த் தூசியும், மாவுத் தூளும் ஏர் ஃபில்டரை அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் அரைகுறையாக எரியும். கரி விரைவில் சேரும். ஆகவே ஃபில்டரையும் கூடவே சுத்தம் செய்யவும். சோக்கை மூட மறந்து ஓட்டவேண்டாம். பிளக் முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. ஈரக் கறுப்பாக இருந்தால் எண்ணெய் அளவையும் ஃபில்டரையும் பார்க்கவும்.

கடை விடுமுறை நாளில் அரை நாள் ஒதுக்கினால் போதும். வேலை முடிந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் கணக்கு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை எப்போது என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.