கரையில் ஒரு வெளிச்சம்

நெய்யாறு கடலில் சேரும் இடம் பூவார். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு உண்டு. அதை உடைத்துக்கொண்டு ஆறு கடலுக்குள் போகும் வாய்க்குப் பொழி என்று பெயர். இருட்டில் அந்தப் பக்கம் வள்ளத்தைக் கரையேற்றுவது எளிதல்ல.

அந்த ஊரில் ஒரு மீனவர் இருந்தார். மாலையில் கடலுக்குப் போவார். விடியும் முன் திரும்புவார். அவர் மனைவி டார்ச் லைட்டுடன் கரையில் நிற்பார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவர் வள்ளத்தைத் திருப்புவார்.

ஒரு நாள் அவர் வெகுதூரம் தள்ளிக் கரை இறங்கினார்.

"உன் டார்ச் மின்மினிப் பூச்சி மாதிரி இருந்தது. எனக்குத் தெரியவே இல்லை" என்றார்.

"கடல் பொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்றார் மனைவி.

அவர் பதில் சொல்லவில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் வந்தது. அன்று கடலில் இருந்த பலர் திரும்பி வரவில்லை. அதை அந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை.

மறுநாள் மனைவி டார்ச்சை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்.

"அண்ணா, இதில் இன்னொரு கட்டை சேர்த்தால் வெளிச்சம் கூடுமா?"

"முதலில் பல்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், தங்கச்சி" என்றார் கடைக்காரர்.

அவர் முதியோர் வகுப்பில் படித்தவர். பல்பைக் கண்ணருகே பிடித்து வாசித்தார். "2.5 வோல்ட்."

"ஒரு கட்டை 1.5 வோல்ட். 2 கட்டை போட்டால் 3 வோல்ட். இந்தப் பல்பு அதைத் தாங்கும். 3 கட்டை போட்டால் 4.5 வோல்ட். பல்புக்குள் இருக்கும் கம்பி உடனே கருகிப் போகும்."

கடைக்காரர் டார்ச்சைத் திறந்தார். உப்புக் காற்றில் ஸ்பிரிங் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. உப்புத்தாளால் அதைத் தேய்த்தார். ஒரு கட்டை புதியது, ஒன்று பழையது. இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக 2 கட்டை போட்டார். முன் கண்ணாடியைத் துடைத்தார். வெளிச்சம் கூடியது.

"களிம்பு இருந்தால் மின்சாரம் சரியாக ஓடாது. பழைய கட்டையும் புதிய கட்டையும் சேர்த்துப் போடக் கூடாது" என்றார்.

"இன்னும் கொஞ்சம் கூடாதா, அண்ணா?"

"கூடும். பல்பை மாற்ற வேண்டும். பழைய பல்பில் கம்பி சூடேறித்தான் ஒளி தருகிறது. மின்சாரத்தில் பெரும் பகுதி வெப்பமாகவே வீணாகிறது. எல்.இ.டி. பல்பில் கம்பி இல்லை. அதே மின்சாரத்தில் பல மடங்கு ஒளி தரும்."

வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. பல்பு எளிதாக வந்துவிடவில்லை. சிவப்பு எல்.இ.டி. முன்பே இருந்தது. நீல ஒளிதான் கிடைக்காமல் இருந்தது. நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சு இருந்தால் வெள்ளை ஒளி வரும். பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூவரும் ஜப்பானில் பிறந்தவர்கள்.

கடைக்காரர் 3 வோல்ட் எல்.இ.டி. பல்பு ஒன்றை எடுத்தார். அது பழைய பல்பின் இடத்தில் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் எதிர்ச் சுவர் பளிச்சென்று தெரிந்தது.

"இதைவிடப் பெரிய பல்பு போடலாமா?"

"கட்டையில் உள்ள மின்சாரம் குடத்துத் தண்ணீர் மாதிரி. வேகமாக ஊற்றினால் வேகமாகத் தீரும். வெளிச்சம் 2 மடங்கு தூரம் எட்ட வேண்டுமானால் ஒளி 4 மடங்கு வேண்டும். கட்டை நடு ராத்திரியிலேயே தீர்ந்துவிடும். பல்பும் சூடாகிக் கெட்டுவிடும். உங்களுக்கு விடியும் வரை எரியும் விளக்குதானே வேண்டும்?"

அது சரி என்று அவருக்குப் பட்டது. 2 கட்டை கூடுதலாக வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அன்று இரவு கரையில் நின்று டார்ச்சைக் கடல் பக்கம் பிடித்தார். வெகு நேரம் கழித்து வள்ளத்தின் முனை தெரிந்தது. அது நேராக அவரை நோக்கி வந்தது.

நினைவில் வையுங்கள்

1. பல்பிலும் கட்டையிலும் எழுதியுள்ள வோல்ட் எண்ணை வாசித்த பிறகே வாங்குங்கள்.
2. கட்டையின் கூட்டல் குறி உள்ள பக்கத்தைச் சரியாக வையுங்கள். பல எல்.இ.டி. பல்புகள் கட்டையைத் திருப்பிப் போட்டால் எரியாது.
3. சார்ஜ் செய்யும் லித்தியம் கட்டை ஒன்று 3.7 வோல்ட். 1.5 வோல்ட் கட்டைக்குப் பதிலாக அதைப் போடாதீர்கள்.
4. பல நாள் பயன்படுத்தாவிட்டால் கட்டையை வெளியே எடுத்து வையுங்கள்.
5. டார்ச் ஒளியை யார் கண்ணிலும் நேராக அடிக்காதீர்கள்.
6. கடலில் ஆபத்து என்றால் டார்ச்சை 3 முறை குறுகலாகவும், 3 முறை நீளமாகவும், மீண்டும் 3 முறை குறுகலாகவும் அடியுங்கள். இது உலகம் முழுவதும் தெரிந்த உதவிக் குறி. கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554.

யோசித்துப் பாருங்கள்

உங்கள் வீட்டு டார்ச்சைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங் சுத்தமாக இருக்கிறதா? பல்பில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது?