மாத்திரைக்கு முன் காரணம்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு வீடு திரும்புகிறவர்களில் பலர், டயாலிசிஸோடு ரத்தக் கொதிப்பும் தொலைந்தது என்றே எண்ணுகிறார்கள். எனக்கோ மூன்று வகை மாத்திரைகள் உட்கொண்ட பிறகும் கொதிப்பு இறங்காதிருக்கவே, என்னைக் கவனித்து வந்த டாக்டர் நான்காவதை எழுதுமுன் ஹார்மோன்களின் பக்கம் விசாரணையைத் திருப்பினார். அதில் நான் தெரிந்துகொண்டவை பிறருக்கும் பிரயோஜனப்படக் கூடும்.

புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றில் பொருத்தும்போது பழையவை இரண்டையும் பெரும்பாலும் அகற்றுவதில்லை. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் தொழிலைக் கைவிட்ட பின்னரும், உத்தியோகம் போன பிறகும் உத்தரவு போடுவதை நிறுத்தாத அதிகாரியைப் போல, அவை ரெனின் என்னும் வஸ்துவைச் சுரந்துகொண்டே இருக்கக்கூடும். அதன் விளைவாகத் தோன்றும் ஆஞ்சியோடென்சின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு, அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனையும் சுரக்கச் செய்ய, உப்பும் நீரும் தேகத்தில் தங்கிக் கொதிப்பு ஏறுகிறது.

நாயின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கியே கொதிப்பை உண்டாக்கலாம் என்று 1934-இல் கோல்ட்பிளாட் என்னும் ஆராய்ச்சியாளர் நிரூபித்தார்; புதிய சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனி குறுகினாலும் அதுவே நிகழ்கிறது. ஆகையால்தான் டாக்டர் முதலில் என் அடிவயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கிறதா என்று நெடுநேரம் கவனித்தார். இரைச்சல் கேட்கவில்லை; டாப்ளர் ஸ்கேனிலும் குறுகல் தென்படவில்லை.

அடுத்து ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் ரத்தத்தில் அளந்தார்கள். அட்ரீனல் கட்டியால் ஆல்டோஸ்டிரோன் மிகும் நோயை 1955-இல் விளக்கியவர் கான் என்னும் டாக்டர். அந்நோயில் பொட்டாசியம் குறைவதுண்டு எனினும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க நாம் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தை ஏற்றும் சுபாவமுடையதாதலால், பொட்டாசியம் சரியாயிருப்பதை மட்டும் கொண்டு அந்நோய் இல்லையென்று தீர்மானிக்கலாகாது. அந்நோயில் ரெனின் தாழ்ந்திருக்கும். எனக்கோ இரண்டுமே மிகுந்திருந்தமையால் பழைய சிறுநீரகங்களின் மேல் சந்தேகம் விழுந்தது. ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும் லோசார்ட்டான் மாத்திரையைத் தொடங்கி, கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் அடிக்கடி சோதித்துவர, கொதிப்பு வசத்துக்கு வந்தது.

அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்: டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்துள்ள கையில் ஒருபோதும் கொதிப்பு அளக்கக் கூடாது. காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்திருந்து அளந்து, நோட்டில் குறித்து வைப்பது நலம். சில கொதிப்பு மாத்திரைகள் ஹார்மோன் பரிசோதனையின் முடிவை மாற்றுமாதலால், அவற்றை எப்போது நிறுத்துவதென்று டாக்டரையே கேட்கவேண்டும். ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் கொதிப்பை ஏற்றுவது உண்மையே. அதற்காக அவற்றைத் தாமாகவே குறைப்பவர் சிறுநீரகத்தையே இழக்க நேரிடும். கொதிப்பு இறங்காவிடில், அடுத்த மாத்திரையைக் கேட்குமுன் தமனியையும் ரெனினையும் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேட்க நோயாளிக்குத் தயக்கமே வேண்டியதில்லை.