அமைப்பாளர் இல்லாத ஆட்டம்

"உடையவன் பாராத பயிர் உருப்படுமா?" என்று நம் கொங்கு நாட்டுப் பெரியோர் கேட்பர். வயலுக்குச் சொன்ன இம்மொழி விளையாட்டுக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் பட்டறிந்தோம். அதனை இம்மலர் வாயிலாகத் தோழியருக்கும் அருட்சகோதரியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விழைகிறோம்.

எங்களுள் ஒருத்தியின் அப்புச்சி எங்களுக்குப் பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தைக் கற்பித்தார். "சீட்டாட்டமா?" என்று பெற்றோர் முகம் சுளிக்க வேண்டா. நாங்கள் ஆடியதில் பணப் பந்தயம் இல்லை. நால்வர் இரண்டு ஜோடிகளாகப் பிரிந்து, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டுகள் பெற்று, எத்தனை பிடிகள் எடுப்போம் என்று ஏலம் கேட்டு, கேட்டதை ஆடி நிறைவேற்ற வேண்டும். இன்றுள்ள முறையை 1925ஆம் ஆண்டு ஒரு கப்பற் பயணத்தின்போது ஹெரால்டு வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கர் வகுத்தார். போட்டிகளில் ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகளே மற்ற மேசைகளுக்கும் வரும். ஆகவே நல்ல சீட்டு வந்தது, கெட்ட சீட்டு வந்தது என்ற பேச்சுக்கு அங்கே இடம் குறைவு. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அறுபது வயதான பிரணாப் பர்தனும் ஐம்பத்தாறு வயதான ஷிப்நாத் சர்க்காரும் இவ்வாட்டத்தில் நம் நாட்டிற்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தனர்.

இவ்வாட்டத்தில் நடுவருக்குரிய இடம் பெரிது. 2017ஆம் ஆண்டின் பிரிட்ஜ் விதிநூலை அப்புச்சி எங்களுக்குப் படித்து விளக்கினார். தவறு ஒன்று சுட்டிக்காட்டப்பட்டால் உடனே நடுவரை அழைக்க வேண்டும் என்கிறது ஒன்பதாம் விதி. அவர் வந்து விளக்கும் வரை ஒருவரும் மேற்கொண்டு எதுவும் செய்யலாகாது. பரிகாரம் விதிப்பதும் விடுவிப்பதும் ஆடுவோர் கையில் இல்லை என்கிறது பத்தாம் விதி. "பரவாயில்லை, விட்டுவிடு" என்று தாராள மனத்துடன் கூறுவதற்குக்கூட நமக்கு உரிமை இல்லை! ஏனெனில் ஒரு மேசையில் நாம் விட்டுக்கொடுப்பது வேறு மேசையில் ஆடும் ஜோடியின் மதிப்பெண்ணைப் பாதிக்கும்.

இணைய வழியில் ஆடும்போது பல தவறுகளைக் கணினியே தடுத்துவிடும். முறை மாறிச் சீட்டு இறக்க முடியாது. கையில் உரிய இனம் இருக்க வேறு இனம் போடவும் முடியாது. எனினும், ஏலத்திற்குத் தவறான விளக்கம் தந்தால் என்ன செய்வது? ஆடிக்கொண்டிருந்தவர் திடீரென்று மறைந்துபோனால் யார் தீர்ப்பது? அதற்கு மனிதர்தாம் வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்த நாங்களே தவறினோம். விடுமுறையில் தோழியர் பொள்ளாச்சி, உடுமலை, கோபி, சத்தியமங்கலம் என்று ஊர்களுக்குச் சென்றிருந்ததால், பதினாறு பேரை நான்கு மேசைகளில் அமர்த்தி, கைப்பேசி வழியே போட்டி ஒன்று நடத்தினோம். நாங்கள் மூவர் அமைப்பாளர், நடுவரும் நாங்களே. முதல் சனிக்கிழமை நன்றாக நடந்தது. இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கி வைத்தோம். பிறகு ஒருத்தி உறவினர் வீட்டுக் காதணி விழாவிற்குப் புறப்பட்டாள். ஒருத்தி அம்மாயியுடன் சந்தைக்குப் போனாள். மற்றொருத்தி கைப்பேசியின் ஒலியை அடக்கிவிட்டு உறங்கிப்போனாள். மற்ற இருவரும் இருப்பார்கள் என்று மூவருமே நினைத்தோம்.

அன்று சத்தியமங்கலத்தில் பெருமழை. மூன்றாம் மேசையில் ஆடிய எட்டாம் வகுப்புச் சிறுமியின் ஊரில் மின்சாரம் நின்றது, இணையமும் நின்றது. "அக்கா, வாங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் பதினொரு முறை அழைத்திருக்கிறார்கள். எங்களில் ஒருவரும் இல்லை. எதிர் ஜோடி, "வெற்றி எங்களுக்கே" என்றது. மறைந்தவளின் கூட்டாளி, "மறுபடியும் ஆட வேண்டும்" என்றாள். வாக்குவாதம் முற்றி, தோற்கப் போவதை அறிந்து வேண்டுமென்றே ஓடிவிட்டாள் என்று ஒருத்தி எழுதிவிட்டாள். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பிய அச்சிறுமி கண்டது அந்தச் சொற்களைத்தான். அவள் குழுவை விட்டே விலகினாள்.

அதே மாலையில் இரண்டாம் மேசையிலும் ஒரு சிக்கல். ஏலத்திற்குத் தரப்பட்ட விளக்கம் தவறு என்று தெரிந்தது. ஆனால் அந்நால்வரும் சண்டையிடவில்லை. ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்த தோழி ஒருத்தியை ஒருமனதாக நடுவராக ஏற்றனர். அவள், "நடந்ததை எழுதி வையுங்கள், ஆட்டத்தை முடியுங்கள், மதிப்பெண்ணைப் பிறகு பார்ப்போம்" என்றாள். நடுவர் அமர்த்தப்படாவிடில் ஆடுவோரே ஒருவரை அப்பணிக்குக் குறிக்க வேண்டும் என்று எண்பதாம் விதி கூறுகிறது. அவ்விதியை அறியாமலேயே அவர்கள் அதன்படி நடந்தார்கள்!

இரவில் வந்து பார்த்த நாங்கள் அப்புச்சியிடம் ஓடினோம். "மொதல்ல கணக்கைத் தீர்ப்போம் அம்மிணிகளா, அப்புறம் மனசைத் தீர்க்கலாம்" என்றார் அவர். முடிவு பெற இயலாத ஆட்டத்தில், எவ்வகையிலும் தவறு செய்யாதவர்க்குக் குறைந்தது 60 விழுக்காடும், ஓரளவு தவறியவர்க்கு 50 விழுக்காடும், நேரடியாகத் தவறியவர்க்கு அதிக அளவாக 40 விழுக்காடும் வழங்குவது பன்னிரண்டாம் விதி. மழைக்கு அச்சிறுமி பொறுப்பல்லள். காத்திருந்தோர் மீதும் குற்றமில்லை. ஆகவே இரு ஜோடிக்கும் அறுபது அறுபது என்று தீர்ப்பாயிற்று. கூட்டினால் நூற்றிருபது வருகிறதே என்று வியந்தோம். இது ஒரு பண்டத்தை இருவர் பங்கிடுவது அன்று, தவறிழையாத ஒவ்வொரு ஜோடிக்கும் செய்யும் நியாயம் என்று அப்புச்சி தெளிவுபடுத்தினார்.

மறுவாரம் காந்திபுரத்தில் சத்திப் பேருந்து ஏறி, அச்சிறுமியின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் அன்னையார் மோர் கொடுத்து உபசரித்தார். சிறுமி சொன்னது இதுதான்: "தீர்ப்பு எனக்கு எதிரா இருந்திருந்தாலும் பரவாயில்லைங்க்கா. அன்னைக்கு யாராச்சும் ஒருத்தர் இருந்திருந்தாப் போதுமுங்க." அச்சொல் எங்களைத் தலைகுனியச் செய்தது.

உலக அரங்கிலும் இத்தகைய சோதனை வந்ததுண்டு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் சதுரங்க ஒலிம்பியாடு முதன்முறையாக இணைய வழியில் நடந்தது. விசுவநாதன் ஆனந்தும் சென்னைச் சிறுவர் பிரக்ஞானந்தாவும் இடம்பெற்ற இந்திய அணி, ஆகஸ்டு 30 அன்று இறுதிப் போட்டியில் ரஷ்யாவைச் சந்தித்தது. இணையத் தொடர்பு அறுந்ததால் நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் நேரம் தீர்ந்து தோற்றனர். இந்தியா முறையிட்டது. முறையீட்டுக் குழுவினரிடையே ஒருமித்த முடிவு ஏற்படாதபோது, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் அர்காதி துவார்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். அதற்கு இரு நாள் முன்பு, தொடர்பு அறுந்ததைக் காட்டி ஆர்மீனியா செய்த முறையீடு ஏற்கப்படவில்லை; அவ்வணி மனம் வருந்தி விலகியது. எல்லாருக்கும் இனிக்கும் தீர்ப்பு என்றும் கிட்டாது. ஆயினும் முறையிட ஓர் இடமும், கேட்க ஒரு செவியும், முடிவு சொல்ல ஒரு வாயும் அங்கே இருந்தன. எங்கள் போட்டியில் அவை இல்லை.

ஆகவே தோழியரே, ஆடும்போது அமைப்பாளரைக் காணவில்லையெனில்:

1. ஆட்டத்தை நிறுத்தி, எல்லாரும் காணும்படி நடுவரை அழையுங்கள்.

2. அவர் வாராவிடில், அனைவரும் நம்பும் ஒருவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. நேரத்தையும் நடந்ததையும் அப்போதே எழுதி வையுங்கள். முடிவுகள் வெளியான பின் முறையிட விதிநூல் தரும் பொது அவகாசம் 30 நிமிடமே.

4. மறைந்தவர் மீது பழி சுமத்தாதீர்கள். அவர் வீட்டில் மழையா, நோயா என்று நாம் அறியோம்.

அமைப்பாளராக இருப்பவர்க்கு ஒன்றே சொல்வோம். தம் பணியை உதவியாளரிடம் ஒப்படைக்க நடுவருக்கு எண்பத்தொன்றாம் விதி இடமளிக்கிறது. ஆனால் பொறுப்பிலிருந்து அவரை விடுவிப்பதில்லை. எழ நேர்ந்தால், "இன்ன நேரம் வரை இன்னார் பார்ப்பார்" என்று பெயர் சொல்லி எழுங்கள். மூவர் பொறுப்பு என்பது ஒருவர் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது.

வகுப்புத் தலைவிக்கும், விழாக் குழுவினருக்கும், வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் அக்காளுக்கும் இதுவே பாடம். அந்தச் சிறுமி மீண்டும் எங்களுடன் ஆட வந்துவிட்டாள். இப்போது சனிக்கிழமைதோறும் எங்களுள் ஒருத்தி, ஆட்டம் முடியும் வரை கைப்பேசியை விட்டு அகல்வதில்லை. ஏற்ற பணியில் இறுதி வரை உடனிருக்க நாம் அனைவரும் முயல்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி